தண்ணீரை நிறுத்தினால் நாற்றம் நிற்காது: குதிரையேற்றப் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

பக்கத்து அபார்ட்மெண்ட்காரர்கள் நாற்றம் பற்றி எழுதிய புகாருக்காகப் போன வாரம் லாயத்தில் நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கையை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதில் மூன்று உத்தரவுகள் இருக்கின்றன. மதியம் 12 மணிக்கு மேல், குதிரைகளை அவிழ்த்துவிடும் வேலி போட்ட வெளி அடைப்புகளில் உள்ள தண்ணீர்த் தொட்டிகளைக் காலி செய்ய வேண்டும். அப்போதுதான் குதிரைகள் குறைவாக மூத்திரம் போகுமாம். தினமும் மாலையில் அடைப்புத் தரை முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவி, அதன் மேல் ஃபினைல் கரைத்து ஊற்ற வேண்டும். நாற்றம் அடங்கும்வரை கிழக்கு அடைப்பைப் பூட்டிவிட்டு, அங்கிருக்கும் குதிரைகளைக் கொட்டடிக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

நான் உங்கள் லாயத்தின் ஜமேதார். குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும், எந்தக் குதிரை தீனி எடுத்தது, எது எடுக்கவில்லை, எது நொண்டுகிறது என்று பார்ப்பதும் என் பொறுப்பு. என் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து ரேஸ் குதிரைகளுக்கு சைஸாக இருந்தவர். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே குதிரையைப் பற்றித்தான். ஆங்கிலத்தில் எழுத எனக்கு வராது. கன்னடம் பேசுவேன், எழுதிப் பழக்கமில்லை. உங்கள் குழுவிலும் தமிழ் படிப்பவர்கள் இருக்கிறார்கள், பக்கத்து அபார்ட்மெண்டிலும் இருக்கிறார்கள். அதனால் தமிழிலேயே, எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நேரில் சொல்லிப் பார்த்தேன். "பார்க்கலாம்" என்றதோடு சரி.

அபார்ட்மெண்ட்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் சொல்வது உண்மை. அவர்கள் கட்டடம் நமக்குக் கிழக்கே இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. நம் அடைப்பைக் கடந்துதான் அந்தக் காற்று அவர்கள் பால்கனிக்குப் போகிறது. போதாக்குறைக்கு குதிரைச் சாணமான லத்திக் குவியலையும் கிழக்குச் சுவரை ஒட்டியே போட வைத்திருக்கிறோம். துணி காயப்போட முடியவில்லை, குழந்தையைத் தூங்க வைக்க ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று அவர்கள் எழுதியது நியாயமான புகார். அதற்கு நீங்கள் எடுத்த முடிவுதான் நியாயமில்லை.

நாற்றம் எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். குதிரை மூத்திரம் வெளியே வரும்போது அவ்வளவாக நாறாது. அதில் யூரியா இருக்கிறது. அது மண்ணிலும் லத்தியிலும் உள்ள கிருமிகளோடு சேர்ந்ததும், அந்தக் கிருமிகளிடம் உள்ள ஒரு நொதி யூரியாவை உடைத்து அமோனியாவாக ஆக்குகிறது. கண்ணைக் கரிக்கிற அந்த நெடி அமோனியாதான். இது நடக்க ஈரம் வேண்டும், கொஞ்சம் வெதுவெதுப்பு வேண்டும். காய்ந்த தரையில் மெதுவாக நடக்கும். சொதசொதவென்று இருக்கும் தரையில் ஓயாமல் நடக்கும். வளர்ந்த குதிரை ஒன்று ஒரு நாளைக்கு 5 முதல் 15 லிட்டர் வரை மூத்திரம் போகும். கிழக்கு அடைப்பில் பன்னிரண்டு குதிரைகள். சராசரியாகப் பத்து லிட்டர் என்று வைத்தாலும் தினமும் 120 லிட்டர் அந்த மண்ணில் இறங்குகிறது.

இதில் தண்ணீரை நிறுத்தினால் என்ன ஆகும்? யூரியா எவ்வளவு உண்டாகிறது என்பதைக் குதிரை தின்னும் புரதம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது, குடிக்கும் தண்ணீர் அல்ல. தண்ணீர் குறைந்தால் அதே யூரியா குறைந்த நீரில் கெட்டியாக வெளியே வரும். மூத்திரம் கொஞ்சமாக இருக்கும், நெடி தூக்கலாக இருக்கும். அபார்ட்மெண்டுக்கு இதனால் எந்த லாபமும் இல்லை.

குதிரைக்கு இதனால் உயிருக்கே ஆபத்து. 500 கிலோ எடையுள்ள குதிரை சும்மா நின்றாலே நாளைக்கு 20 முதல் 30 லிட்டர் தண்ணீர் குடிக்கும். வெயிலில் வகுப்பு ஓடிவிட்டு வந்தால் 40 லிட்டரையும் தாண்டும். நாம் போடுவதோ காய்ந்த புல். தண்ணீர் இல்லாமல் காய்ந்த புல்லைத் தின்றால் குடலுக்குள் தீனி இறுகி அடைத்துக்கொள்ளும். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது. கோலிக் என்கிற அந்த வயிற்று வலி வந்த குதிரை திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்க்கும், முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும், வியர்த்துக் கொட்டும், படுத்துப் புரளும். அதை ராத்திரி முழுக்கக் கையில் பிடித்துக்கொண்டு, டாக்டர் வந்து சேரும்வரை காத்து நிற்பது சைஸ்கள்தான்.

கடந்த சனிக்கிழமை மதிய வகுப்பு முடிந்து வந்த மோத்தி என்கிற குதிரை, நேராகத் தொட்டிக்குப் போய்க் காலித் தொட்டியின் அடியை நக்கிக்கொண்டிருந்தான். உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பார்த்தேன். வழுவழுப்பாக இருக்க வேண்டிய ஈறு விரலில் ஒட்டியது. தோலைக் கிள்ளி விட்டேன், மடிப்பு உடனே இறங்கவில்லை. அதற்கு மேல் உத்தரவைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. எல்லாத் தொட்டிகளையும் நிரப்பச் சொன்னேன், இன்றுவரை நிரப்பித்தான் வைத்திருக்கிறேன். விளக்கம் கேட்டால் இதுதான் என் விளக்கம். 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில், போதுமான தீனியும் குடிநீரும் தங்குமிடமும் தராத உரிமையாளர் குற்றம் செய்தவர் என்று தெளிவாக இருக்கிறது. அந்தப் பழி உங்கள் மேல் விழக் கூடாது என்பதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்தது பிளீச்சிங் பவுடர். இதை யார் யோசனை சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. பிளீச்சிங் பவுடரும் அமோனியாவும் சேர்ந்தால் குளோராமின் என்கிற வாயு கிளம்பும். கண் எரியும், தொண்டை கரகரக்கும், மார்பு அடைக்கும், அதிகமாக இழுத்தால் நுரையீரல் பாதிக்கும். கழிவறையில் பிளீச்சிங்கும் அமோனியா உள்ள கிளீனரும் கலக்கக் கூடாது என்று டப்பாவிலேயே எச்சரிக்கை போடுகிறார்கள். அமோனியா ஊறிக் கிடக்கும் தரையில் அதை மூட்டை மூட்டையாகத் தூவச் சொல்கிறீர்கள். முதல் நாள் தூவிய சைஸ் பையன் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் தூவினான். பாதியிலேயே இருமிக்கொண்டு வேலிக்கு வெளியே ஓடிவந்தான். அவனாவது ஓடிவந்தான். குதிரைக்கு வாயால் மூச்சு விட முடியாது, மூக்கு ஒன்றுதான் வழி. அடைத்த வேலிக்குள் நிற்கிற குதிரை எங்கே ஓடும்?

அந்த ஈரத் தரையில் ஃபினைல் ஊற்றுவது, அடுப்பை அணைக்காமல் புகையை விசிறுவது மாதிரிதான். கொஞ்ச நேரம் ஃபினைல் வாசம் தூக்கும், அப்புறம் இரண்டும் சேர்ந்து அடிக்கும். அதன் மேல் படுக்கிற குதிரையின் தோல் எரிந்துபோகும். சிலர் சுண்ணாம்பு தூவலாம் என்கிறார்கள். நீற்றிய சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது. காரம் ஏற ஏற மண்ணில் பிடிபட்டிருக்கும் அமோனியா இன்னும் வேகமாகக் காற்றில் கிளம்பும். ஈரத்தில் அது தோலையும் குளம்பையும் அரிக்கும். அதுவும் வேண்டாம்.

கொட்டடிக்குள் பூட்டி வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளியே பரந்த இடத்தில் போகிற மூத்திரம் நான்கு சுவருக்குள் போகும். அமோனியா தரையை ஒட்டித்தான் அடர்த்தியாக இருக்கும். நின்றுகொண்டு பார்க்கிற மனிதர் மூக்குக்கு அது தெரியாது. சந்தேகம் இருந்தால் காலையில் கூட்டுவதற்கு முன் எந்தக் கொட்டடிக்குள்ளாவது போய், மண்டி போட்டு, படுத்திருக்கும் குதிரையின் மூக்கு உயரத்தில் ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். நாள் முழுக்க உள்ளே நிற்கும் குதிரை இருமும், கதவு மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்கும், ஒரே இடத்தில் நின்று தலையை இடமும் வலமும் ஆட்டும். அப்படிப்பட்ட குதிரை மேல் எட்டு வயதுக் குழந்தையை ஏற்றி வகுப்பு நடத்த நான் தயாராக இல்லை.

கிழக்கு அடைப்பில் நாற்றம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. இதை நீங்கள் யாரும் வந்து பார்க்கவில்லை. வடகிழக்கு மூலையில் தகரக் கூரையின் விளிம்பு அடைப்புக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. கூரையில் விழும் மழைத் தண்ணீர் மொத்தமும் அங்கேதான் கொட்டுகிறது. தண்ணீர்த் தொட்டியும் அங்கேதான் இருக்கிறது, மிதவை வால்வு பழுதாகி நிரம்பி வழிகிறது. தண்ணீர் விழுந்து விழுந்து மண் இளகிப் போயிருக்கிறது. குதிரை கெட்டித் தரையில் மூத்திரம் போக விரும்பாது, காலில் தெறிக்கும். மெத்தென்று இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் கால்களை அகட்டி நிற்கும். அதனால் பன்னிரண்டு குதிரைகளும் அந்த மூலைக்கே வருகின்றன. அங்கே மண் கறுத்து, குளம்புக் குழிகளில் மஞ்சளாகத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மேலே நுரை, ஓரமெல்லாம் ஈ. அந்தக் குழியைத் தாண்டி இருபது அடி மேற்கே நடந்தால் மண் செம்மண்ணாகவே இருக்கிறது, நெடியும் பாதியாகக் குறைகிறது.

அங்கே நின்ற குதிரையின் காலைத் தூக்கிக் குளம்பைச் சுரண்டினால் கறுப்பாகக் குழம்பு மாதிரி வருகிறது. செத்த எலி நாற்றம். குளம்பின் அடியில் மெத்தென்று இருக்கும் முக்கோணப் பகுதி அழுகத் தொடங்கியிருக்கிறது. லாடம் அடிப்பவர் வரும்போதெல்லாம் இதைச் சொல்லிவிட்டுப் போகிறார். மூத்திரம் ஊறிய சேற்றில் நாள் முழுக்க நின்றால் எந்தக் குதிரைக்கும் இது வரும். அபார்ட்மெண்டில் புகார் எழுதுவதற்கு முன்பிருந்தே குதிரையின் கால் நமக்குப் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பெங்களூரில் வருடத்துக்கு ஏறக்குறைய 970 மில்லிமீட்டர் மழை. செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான் அதிகம் கொட்டும். அதற்குள் அந்த மூலையைச் சரி செய்துவிட வேண்டும். இதற்குப் பெரிய இன்ஜினியர் வேலை ஒன்றும் இல்லை. கூரை விளிம்பில் பாதியாகப் பிளந்த பிவிசி குழாயைக் கட்டி, மழைத் தண்ணீரை அடைப்புக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். வால்வை மாற்ற வேண்டும். தொட்டியை நடுவில் மேடான இடத்துக்கு நகர்த்தி, அடியில் ஜல்லி போட வேண்டும். மூலையில் ஊறிப்போன மண்ணை அரை அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்து, ஜல்லி நிரப்பி, ஜல்லியும் மண்ணும் கலக்காமல் இருக்க நடுவில் தண்ணீரை மட்டும் வடியவிடும் ஜியோ துணி விரித்து, மேலே கிரஷர் மணல் போட்டு இடிக்க வேண்டும். நூறு அடிக்கு இரண்டடி சரிவு இருந்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும். மணல் மேல் மட்டும் புல் போடக் கூடாது. குதிரை மணலையும் சேர்த்துத் தின்று வயிற்றில் சேர்த்துக்கொள்ளும். புல்லுக்குத் தொட்டி வேண்டும்.

அப்புறம், குதிரை மெத்தென்ற இடத்தைத்தான் தேடும் என்றால் அந்த இடத்தை நாமே காட்டிவிடலாம். மேற்கு ஓரத்தில், காற்று வெயில் இரண்டும் படுகிற இடத்தில், பத்தடிக்குப் பத்தடி தென்னை நார்க்கழிவு பரப்பி வைத்தால் பெரும்பாலான குதிரைகள் அங்கேயே போகும். பொள்ளாச்சியிலிருந்து கட்டி கட்டியாக வருகிறதே, அதேதான். தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சும். தினமும் காலையில் ஊறிய பகுதியை மட்டும் அள்ளிவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் போட்டால் போதும். அடைப்பு முழுவதையும் குழாய் வைத்துக் கழுவுவதை நிறுத்த வேண்டும். மண் தரையைக் கழுவினால் மூத்திரம் போகாது, பரவும். 2024 மார்ச்சில் பெங்களூர் குடிநீர் வாரியம், குடிநீரில் வண்டி கழுவினாலோ தோட்டத்துக்கு ஊற்றினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது நினைவிருக்கும். அந்தக் கோடையில் டேங்கர் தண்ணீருக்கு இந்த ஊரே அலைந்தது. குதிரை குடிக்கத் தண்ணீர் கூடாது, தரை கழுவ மட்டும் டேங்கர் வரலாம் என்பது எந்தக் கணக்கு?

ஏதாவது தூவித்தான் ஆக வேண்டும் என்றால் ஜிப்சம் தூவலாம். உரக்கடையில் மூட்டையாகக் கிடைக்கும். ஈர மண்ணில் அது அமோனியாவைப் பிடித்து அமோனியம் சல்பேட்டாக வைத்துக்கொள்கிறது, பயிருக்கு உரமாகவும் ஆகிறது. சியோலைட் என்கிற கனிமத் தூளும் நல்லது. நாகப்பட்டினம் பக்கம் இறால் குட்டைகளில் அமோனியாவைக் கட்டுப்படுத்த வருடக்கணக்காகப் போடுகிறார்களே, அதே தூள்தான். இரண்டையும் குதிரைகள் வெளியே இருக்கும்போது தூவி, தூசி அடங்கிய பிறகு உள்ளே விட வேண்டும். ஆனால் தேங்கும் தண்ணீரை வெளியேற்றாமல் இவற்றை மட்டும் கொட்டினால் காசுதான் வீண்.

தீனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரத்துக்கு நான்கு வகுப்பு ஓடும் குதிரைக்கும், வயதாகி ஓய்வில் நிற்கும் குதிரைக்கும் ஒரே அளவு குதிரை மசால் என்கிற தீவனப்பயிரும் கொள்ளும் போடச் சொல்லி அட்டவணை இருக்கிறது. ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்குத் தீனியில் 8 முதல் 10 சதவீதம் புரதம் போதும். கொள்ளில் 22 சதவீதம் வரை இருக்கிறது, குதிரை மசாலும் குறைந்ததல்ல. உடம்புக்குத் தேவைக்கு மேல் போகும் புரதம் யூரியாவாகி மூத்திரத்தில்தான் வெளியே வரும். அதை வெளியேற்றக் குதிரை அதிகத் தண்ணீர் குடிக்கும், அதிகம் மூத்திரம் போகும். மூத்திரம் குறைய வேண்டும் என்றால் கை வைக்க வேண்டிய இடம் இந்த அட்டவணை. கால்நடை மருத்துவரைக் கேட்டு, ஓய்வுக் குதிரைகளுக்கு மசாலைக் குறைத்துச் சாதாரணக் காய்ந்த புல்லைக் கூட்டினால் தீவனச் செலவும் குறையும்.

லத்திக் குவியலையும் சொல்லிவிடுகிறேன். நம் வளாகத்துத் தூங்குமூஞ்சி மரங்களின் சருகைப் பெருக்கி மூட்டை கட்டி வெளியே அனுப்புகிறோம். அதே சருகை லத்தியோடும் மூத்திரம் ஊறிய நார்க்கழிவோடும் மாற்றி மாற்றி அடுக்கிப் புரட்டிவிட்டால் நல்ல கம்போஸ்ட் ஆகும், நெடியும் ஈயும் குறையும். அபார்ட்மெண்டில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களே வந்து வாங்கிக்கொள்வார்கள்.

இனி என் கோரிக்கைகள். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யும் உத்தரவையும் பிளீச்சிங், ஃபினைல் உத்தரவையும் இன்றே எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். இவற்றுக்குக் கூட்டம் போட்டு யோசிக்கத் தேவையில்லை. இதுவரை தூவிய சைஸ்களை உங்கள் செலவில் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். அந்தப் பையனுக்கு இன்னும் இருமல் நிற்கவில்லை. கிழக்கு அடைப்பைப் பூட்டாதீர்கள். மூலையை மட்டும் கயிறு கட்டித் தடுத்துவிட்டு மற்ற இடத்தில் குதிரைகளை விட அனுமதி கொடுங்கள்.

கூரைக் குழாய், வால்வு இரண்டையும் இந்த மாதத்துக்குள் முடித்துக் கொடுங்கள். ஜல்லி, மணல் வேலை செப்டம்பர் மழைக்கு முன் முடிய வேண்டும். ஆள் கூலிக்கு யோசித்தால், மண் வெட்டும் வேலையை நாங்களே காலை வேலை முடிந்தபின் செய்கிறோம், கூடுதல் நேரத்துக்கான கூலியைக் கொடுங்கள். லத்திக் குவியலை மேற்கு ஓரத்துக்கு மாற்ற இடம் ஒதுக்குங்கள். தீனி அட்டவணையைக் கால்நடை மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டபின் மாற்றுங்கள், என் வார்த்தையை மட்டும் நம்பி அல்ல.

குழுவின் அடுத்த கூட்டத்தில் அந்த மருத்துவரையும், அபார்ட்மெண்ட் சங்கத்திலிருந்து ஒருவரையும், சைஸ்கள் சார்பில் ஒருவரையும் உட்கார வையுங்கள். கூட்டத்தை ஆபீஸ் அறையில் வைக்காமல் கிழக்கு அடைப்பின் அந்த மூலையில் வையுங்கள். தேதியை இந்த வார இறுதிக்குள் எங்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லாயத்தின் ஜமேதார்